வேலைக்குச் சம்பளமா, ஊருக்குச் சம்பளமா?

நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் திருநெல்வேலியில் ராத்திரி 7.30. நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு மாற்றி வைத்ததும் 8.30. அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன்; மீட்டிங் எல்லாம் அவர்கள் நேரத்துக்குத்தான். அம்மா தோசையைக் கொண்டுவந்து மேசையோரம் வைத்துவிட்டுப் போவார்; மீட்டிங் முடிந்து பார்த்தால் விறைத்துக் கிடக்கும். மூன்று வருஷமாக இதே கதைதான்.

அதே டீமில் அதே கோடிங் வேலை பார்க்கும் அமெரிக்கக்காரருக்கு என்னைவிட நாலு மடங்கு சம்பளம். அவர் விட்ட பிழைகளை ராத்திரி உட்கார்ந்து நான் திருத்தியிருக்கிறேன். கம்பெனியில் கேட்டால், "உங்க ஊர்ல செலவு கம்மிதானே" என்கிறார்கள். வாடகை கம்மி, சரி. மேக்புக் விலை அங்கே இருப்பதைவிட இங்கே அதிகம். கரண்ட் போனால் இன்வெர்ட்டர், நெட் போனால் இரண்டாவது கனெக்‌ஷன், எல்லாம் என் கைக்காசு. நான் செய்த வேலைக்கு வாடிக்கையாளரிடம் போடும் பில்லில் மட்டும் ஒரு டாலர்கூடக் குறைவதில்லை!

பேஸ்கேம்ப் என்ற மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் கம்பெனி, ஆள் எங்கே இருந்தாலும், சம்பளம் அதிகமுள்ள அமெரிக்க நகரமான சான் பிரான்சிஸ்கோ கணக்கில்தான் சம்பளம் தருகிறது. அப்போ முடியாத காரியம் இல்லையே. நான் சிக்கனமாக இருந்தால் அந்த மிச்சம் எனக்குத்தானே வரணும், என் கம்பெனிக்கு ஏன் போகிறது? ஏப்ரலில் மறுபடியும் கேட்கத்தான் போகிறேன்.