தடிமன் மட்டும் போதாது

இரும்பு போல்ட்டுகளில் துருவைத் தடுக்கத் துத்தநாகப் பூச்சைத் தடிமனாகப் போட்டாலே போதும் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. பெங்களூரு பீன்யாவில் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகத் தரம் பார்த்து வருகிறேன். இதை என்னால் ஏற்க முடியவில்லை. தடிமனைக் கூட்டினால் போல்ட்டின் மரையில் நட்டு ஏறாது.

12 முதல் 15 சதவீதம் நிக்கல் கலந்த துத்தநாகப் பூச்சைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசலைத் தெளிக்கும் பெட்டியில் இரண்டு வகையையும் அருகருகே தொங்கவிட்டுப் பாருங்கள். சாதாரணத் துத்தநாகம் சில நாட்களிலேயே விபூதி பூசியது போல வெளுத்துவிடும், பிறகு செந்துரு எட்டிப்பார்க்கும். நிக்கல் கலந்தது, நன்றாகப் போட்டிருந்தால், 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு) தடிமனிலேயே 720 மணி நேரம் தாண்டியும் செந்துரு இல்லாமல் நிற்கும். இரும்புக்காகத் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. நிக்கல் அந்தக் கரைதலை மெதுவாக்குகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. அமிலத் தொட்டியிலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை எளிதில் உடையக்கூடியதாக்கிவிடும். அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற, அதிக வலுவுள்ள போல்ட்டுகளை முலாம் பூசிய நான்கு மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி சூட்டடுப்பில் வைத்தாக வேண்டும். ஒருமுறை இரவுப் பணியில் அதை மறுநாளுக்குத் தள்ளிவிட்டார்கள். முறுக்கி வைத்த போல்ட்டு ஒன்றின் தலை இரண்டு நாள் கழித்துத் தானாகத் தெறித்து விழுந்தது. துரு ஒரு பொட்டுகூட இல்லை.

கட்டுரையைத் திருத்தும்போது இந்தச் சூடேற்றலை அவசியம் சேர்க்க வேண்டுகிறேன்.