விமானியின் கண்களில் நாம் எதைச் சோதிக்க வேண்டும்?

மூக்குக்கண்ணாடி அணிந்தவர் விமானி ஆக முடியாது என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. அது உண்மையல்ல. பயணிகள் விமானத்தை ஓட்டுபவருக்கு ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியே 6/9 (இயல்பான கண் ஒன்பது மீட்டரில் வாசிப்பதை ஆறு மீட்டரில் வாசிக்கும் அளவு), இரு கண்களும் சேர்ந்து 6/6 (இயல்பான பார்வை) என்ற அளவில் தொலைப்பார்வை இருக்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி; அந்த அளவைக் கண்ணாடியின் துணையோடு எட்டினாலும் போதும், மாற்றுக் கண்ணாடி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. வெள்ளெழுத்து வந்த பிறகும் அனுபவம் மிக்க விமானிகள் தொடர்ந்து பறக்க முடிவது இதனால்தான். இந்தத் தளர்வை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

எனக்குக் கவலை தருபவை, எழுத்து அட்டையைத் தடுமாறாமல் வாசித்துவிடும் கண்களிலும் இருக்கக்கூடிய குறைகள்.

1996 அக்டோபரில் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில், நீர்ப்பரப்பின் மேலாகத் தரையிறங்க வந்த டெல்டா நிறுவனத்தின் எம்டி-88 விமானம், உரிய உயரத்தைவிடத் தாழ்ந்து வந்து ஓடுபாதைக்கு வழிகாட்டும் அணுகு விளக்குகளிலும் ஓடுபாதையின் விளிம்பிலும் மோதியது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. தலைமை விமானி ஒரு கண்ணில் தொலைவுக்கும் மறு கண்ணில் வாசிப்புக்குமான கான்டாக்ட் லென்ஸ்களை அணிந்திருந்தார் என்பது விசாரணையில் தெரியவந்தது. அன்றாட வாழ்வில் அத்தகைய லென்ஸ்கள் வசதியானவைதான். ஆனால் இரு கண்களும் ஒரே தெளிவோடு இணைந்து பார்க்காதபோது ஆழத்தையும் தொலைவையும் கணிக்கும் திறன் குறைகிறது, அடையாளங்கள் ஏதுமற்ற நீர்ப்பரப்பின் மேல் அந்தக் குறையை ஈடுசெய்ய வேறு எதுவும் இருப்பதில்லை.

2002 ஜூலையில், விடியும் முன்னரே அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள டாலஹாசியில் தரையிறங்க முயன்ற ஃபெட்எக்ஸ் சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்பே மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த மூவரும் பலத்த காயங்களோடு உயிர் தப்பினர். ஓடுபாதையோரம் உள்ள நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் இறங்கும் கோணம் சரி, நான்கும் சிவப்பானால் விமானம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டது என்று பொருள். விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானிக்கு நிறப்பார்வைக் குறைபாடு இருந்தது. அவர் உரிய மருத்துவச் சான்றிதழும் வைத்திருந்தார். மற்ற இருவரும் எச்சரிக்கத் தவறியதையும், விமானிகளின் களைப்பையும் விசாரணை அறிக்கை காரணங்களாகச் சேர்த்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும், உயிரைக் காக்கும் செய்தியை நிறத்தின் வழியாக மட்டுமே சொல்லும் விளக்குகளை நம்பிப் பறப்பவருக்கு, அந்த நிறங்களை இருளில் பிரித்தறிய முடிகிறதா என்று சோதிக்காத சோதனையால் என்ன பயன்?

ஆகவே, கண்ணாடியின் பவரைக் காட்டி இளைஞர்களைத் திருப்பி அனுப்புவதை விட்டுவிட்டு, நிறப்பார்வைச் சோதனையை விமானி அறையின் உண்மையான பணிகளை ஒட்டி அமைக்க வேண்டும் என்பதே என் கருத்து. கூடவே, லென்ஸ் மாற்றியதையோ பார்வை மங்குவதையோ விமானி தாமாகவே மருத்துவரிடம் சொல்லும் சூழலும் வேண்டும். சொன்னால் உரிமம் போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை, உண்மையை மறைக்கவே மனம் தூண்டும். தற்காலிகமாகப் பறக்க முடியாத காலத்துக்கும் சம்பளம் உறுதி என்றால், அவர் தயங்க வேண்டியதில்லை.