55ஆம் எண் மாஸ்டாவை ஒரு பெயிண்டர் பார்த்தால்

உலோகத்தை உருக்கி வார்த்த டைகாஸ்ட் மாடல் கார் ஒன்றை யார் கையில் கொடுத்தாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "டோர் திறக்குமா?" திறந்தால் நல்ல மாடல், திறக்காவிட்டால் பொம்மை. ரேஸ் கார் மாடலுக்கு, அதிலும் 24 மணி நேரம் ஓடி ஜெயித்த காரின் மாடலுக்கு, இந்த அளவுகோல் கொஞ்சமும் பொருந்தாது என்பது என் கட்சி. தக்கலைப் பக்கம் டிங்கரிங், பெயிண்டிங் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் நான். நசுங்கின கதவையும் பட்டி போட்ட பானெட்டையும் பார்த்துப் பழகின கண்ணோடு சொல்கிறேன், மாடல் சேர்க்கும் நண்பர்கள் கோபப்பட வேண்டாம்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து, மணிக்கணக்காக ஓடும் எண்டூரன்ஸ் ரேஸ் என்ற பேச்சு நம்ம ஊர் டீக்கடை வரை வந்துவிட்டது. (2012இலேயே சென்னைக்காரரான கருண் சந்தோக் பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேர லெ மான்ஸ் பந்தயத்தில் ஓட்டினார். அங்கே ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான், அவருடைய கார் ஆறாவதாகவும் வந்தது. அப்போது இங்கே எத்தனை பேர் கண்டுகொண்டோம்?) அந்த அலையில்தான், வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மச்சான் லீவுக்கு வந்தபோது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். உள்ளே 1:18 அளவில், அதாவது அசலில் 18இல் ஒரு பங்காக, மாஸ்டா 787பி ரேஸ் கார். "அத்தான், டோர், இன்ஜின் மூடி எல்லாம் திறக்கும், பாத்தியளா?" என்று திறந்து திறந்து காட்டினான். "மக்கா, மொதல்ல எல்லாத்தையும் மூடு, கீழ வை" என்றேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போகிற குறைகள் விலை கூடின மாடல்கள் பலவற்றிலும் இருப்பவைதான்.

மாடலைப் பார்க்கும் முன் அசல் காரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1991 ஜூனில் லெ மான்ஸில் ஜெயித்த 55ஆம் எண் கார் இது. ஓட்டியவர்கள் ஃபோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ரான்ட் காஷோ. (அதே வருஷம் ஆகஸ்டில் காஷோ ஓட்ட முடியாமல் போன ஜோர்டன் ஃபார்முலா 1 காரில் ஏறித்தான் மைக்கேல் ஷூமாக்கர் அறிமுகமானார்.) முன்னால் போய்க்கொண்டிருந்த மெர்சிடிஸ் கடைசி மூன்று மணி நேரத்தில் சூடேறி நின்றது, மாஸ்டா முந்தியது. மொத்தம் 362 சுற்று, 4,922 கி.மீ.க்கு மேல். ஸ்ரீநகரில் தொடங்கி நம்ம கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் நெடுஞ்சாலைகூட அவ்வளவு நீளம் இல்லை. அதை ஒரே நாளில் ஓடி முடித்த கார். கடைசிப் பகுதியை ஓட்டிய ஹெர்பர்ட் உடம்பில் நீர் வற்றிப்போய், பரிசு மேடைக்கு ஏறக்கூட முடியவில்லை. லெ மான்ஸை வென்ற முதல் ஜப்பானியக் கார் அது. பிஸ்டனே இல்லாத ரோட்டரி இன்ஜினால் அங்கே ஜெயித்த கார், இன்று வரைக்கும், அது ஒன்றுதான்.

இப்போது மாடலுக்கு வருகிறேன். மேஜையில் வைத்து, குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பார்த்தேன். அசல் காரின் நீளம் 4,782 மி.மீ. 18ஆல் வகுத்தால் 26.5 செ.மீ. சொச்சம். ஸ்கேல் வைத்தால் அது சரியாகத்தான் இருந்தது. பெரும்பாலும் எந்த மாடலிலும் நீளம் தப்பாது. தப்புவது நிற்கிற நிலை. இந்த மாஸ்டா சேர்ந்த குரூப் சி என்ற பிரிவின் ரேஸ் கார்கள் தரையோடு ஒட்டி ஓடியவை, அடியில் சில சென்டிமீட்டர் இடைவெளிதான். மாடலில் அது 3 மி.மீ. பக்கம் வரவேண்டும். இதில் என் சுண்டுவிரல் நுனி போனது. சக்கரம் உருள வேண்டும், ஸ்டியரிங் திரும்ப வேண்டும் என்பதற்காக உடம்பைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். வெள்ளத்தில் இறங்கப் பயந்து வேட்டியை மடித்துக் கட்டினவர் மாதிரி நிற்கிறது. இந்த ஒரு குறையை மற்ற எந்த நுணுக்கத்தாலும் ஈடுகட்ட முடியாது. அஞ்சடி தள்ளி அலமாரியில் இருக்கும்போது கண்ணில் படுவது நிற்கிற விதம் மட்டும்தானே.

அப்புறம் தடிமன். கதவு திறக்கிற மாடலின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் செலுத்தி வார்ப்பதால் தகடு ஒரு மி.மீ.க்குக் கீழே போவது கஷ்டம். ஒரு மி.மீ. என்றால் அசல் அளவில் 18 மி.மீ. கதவைத் திறந்ததும் கார்பன் ஃபைபர் காரின் கதவு தேக்குப் பலகை கனத்தில் தெரிகிறது. மூடினாலும் தீரவில்லை. கதவைச் சுற்றி அரை மி.மீ. சந்து. அது அசலில் 9 மி.மீ.! என் ஒர்க்‌ஷாப்பில் 9 மி.மீ. சந்தோடு ஒரு கதவை மாட்டி அனுப்பினால் வண்டிக்காரர் வாசலைத் தாண்டுவதற்குள் திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பார். திறக்காத ரெசின் (பிசின்) மாடல்களில் இந்தச் சந்துக்குப் பதில் ஒரு கோடு கீறிவிடுகிறார்கள், பார்க்க அது எவ்வளவோ உண்மையாக இருக்கிறது. ஸ்பார்க் கம்பெனியின் 1:43 ரெசின் கார்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். "திறக்காத மாடலுக்கு இவ்வளவு காசா" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

பெயிண்ட் பற்றிப் பேசாமல் என்னால் போக முடியாது. சாதாரணக் காரில் அடிப்பூச்சான பிரைமர் முதல் மேல்பூச்சான கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்து 0.1 மி.மீ.யைச் சுற்றித்தான் இருக்கும். அதே கனத்தை மாடலில் அடித்தால் அசல் அளவில் கிட்டத்தட்ட 2 மி.மீ. கோடுகள் எல்லாம் அடைந்து, ரிவெட் மழுங்கி, கார் சோப்புக் கட்டி ஆகிவிடும். இந்த மாடலில் மூக்குப் பகுதி அப்படித்தான் ஆகியிருந்தது. ஆனால் நிறம் கொள்ளாம், அதைச் சொல்லத்தான் வேண்டும். 55ஆம் எண் காரின் அழகே ரெனவுன் என்ற ஜப்பானியத் துணிக் கம்பெனிக்காக அடித்த அந்த ஆரஞ்சும் பச்சையும்தான். ஆரஞ்சு லேசில் மூடாத நிறம். கீழே சாம்பல் பிரைமர் இருந்தால் செத்துப்போகும், வெள்ளை அடித்து அதன் மேல் ஏற்றினால்தான் எரியும். இதில் வெள்ளை போட்டிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. (அந்த வெள்ளைக்கு உயிரான டைட்டானியம் டையாக்சைடு எடுப்பது இல்மனைட்டிலிருந்து. நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கிறார்களே, அதே இல்மனைட்.) இரண்டு நிறமும் சேருகிற எல்லையும் பிசிறில்லாமல் இருந்தது. அந்த மாஸ்கிங்கைச் செய்த கைக்கு ஒரு கும்பிடு.

இன்ஜின் மூடியைத் தூக்கினால் ஆர்26பி இன்ஜின், பிஸ்டனுக்குப் பதில் சுழலும் நான்கு ரோட்டர், சுமார் 700 குதிரைத்திறன். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று ஸ்பார்க் பிளக், மொத்தம் பன்னிரண்டு. மாடலில் பிளக் ஒயர்கள் ஒரே கருப்பு உருண்டையாக ஒட்டிக் கிடந்தன. மூடியைத் திறக்க வைத்து, அதற்காக உடம்பைச் சுற்றிச் சந்தும் விட்டு, கடைசியில் உள்ளே காட்ட ஒன்றும் இல்லை என்றால் எதற்கு அந்த மூடி? திறப்பதென்றால் உள்ளே வேலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டி மூடிவிட்டு அந்தக் காசை உயரத்தைச் சரிசெய்யச் செலவழித்திருக்கலாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பெட்டியில் "1991 லெ மான்ஸ் வெற்றி" என்று போட்டிருக்கிறது. காரோ ஷோரூமில் இருந்து இறங்கியது போலப் பளபளக்கிறது. அந்த வெற்றிக்கோட்டைத் தாண்டிய கார் பிரேக் தூசியும் எண்ணெயும் ரப்பர் துணுக்கும் அப்பிய அழுக்கு மூட்டை. பந்தயம் தொடங்கும் முன் நின்ற காரைக் காட்டுகிறோம் என்றால் சரி, அதுவும் நியாயம்தான். ஆனால் அந்தக் காரை மாஸ்டா பின்னாளில் புதுப்பித்து, 2011இல் ஹெர்பர்ட்டையே வைத்து லெ மான்ஸில் ஓட்டிக் காட்டியது. பின்னால் வந்த மாடல்காரர் அளவெடுக்கப் போனால் கிடைப்பது இந்தப் புதுப்பித்த கார்தான். அதனால் ஸ்டிக்கர் எங்கே இருக்கிறது, ஒயிப்பர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையெல்லாம் 1991 ஜூன் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் "அச்சு அசல்" என்று எழுதிவிடாதீர்கள். சில சமயம் சட்டமே அசலைத் தடுக்கும். 1982 லெ மான்ஸில் முதல் மூன்று இடத்தையும் அள்ளிய போர்ஷே 956 மாடல்கள் பலவற்றில், ரோத்மன்ஸ் சிகரெட் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக வரும். புகையிலை விளம்பரத் தடைதான் காரணம். அதற்கு மாடல்காரரைக் குறை சொல்ல முடியாது.

இதெல்லாம் பெட்டியைப் பிரித்த அன்றைக்கான மார்க். நம்ம மாவட்டத்துக்கு இன்னொரு பரீட்சை உண்டு. இரண்டு பருவமழையும் நமக்கு, அதோடு குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கரையோரம் முழுக்க உப்புக்காற்று. குளிர்நாட்டு வீடியோக்களில் வரும் மதிப்புரையில் இது இருக்காது. முதலில் போவது அடிப்பக்க ஸ்க்ரூ, துரு ஏறும். அடுத்தது டயர். மென்மையான டயரில் இருக்கிற எண்ணெய்ப்பசை கசிந்து, காட்சிப் பலகையின் பிளாஸ்டிக்கைத் தின்று ஒட்டிக்கொள்ளும். கழற்றினால் டயரின் தடம் பலகையிலேயே நிற்கும். எல்லாவற்றையும் விட மோசம் வார்ப்பிலேயே வருகிற நோய். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால் நாள்பட உள்ளுக்குள்ளேயே அரித்து, உடம்பு உப்பி, வெடித்துவிடும். வெக்கையும் ஈரமும் அதை விரைவாக்கும். பெயிண்டில் கொப்புளம் கண்டால் சுரண்டிப் பட்டி போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், நான் பட்டி போட்டே பிழைப்பவன், என்னாலேயே முடியாது. ஆட்டோஆர்ட் மாதிரிக் கம்பெனி துத்தநாக உடம்பை விட்டு, பிளாஸ்டிக் வகைக் காம்போசிட்டுக்கு மாறியபோது "கையில் கனமே இல்லை" என்று புலம்பியவர்கள் உண்டு. எடைக்குப் போட விற்கப்போகிறோமா என்ன? எனக்குக் காம்போசிட் சம்மதம்தான்.

மச்சானிடம் பத்துக்கு ஆறு மார்க் என்றேன். நிறத்துக்காக மட்டும் அரை மார்க் கூட்டிக் கேட்டான், கொடுத்தேன். டயர் பலகையைத் தொடாதபடி அடியில் தாங்கு கொடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, வெயில் படாத சுவரில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஜெல் பையை மாதாமாதம் பார்க்க வேண்டும், நம்ம ஊர் ஈரத்துக்கு அது சீக்கிரம் நிறைந்துவிடும்.

எனக்கு வேண்டியது வேறு. அதே 1991 பந்தயத்தில் ஆறாவதாக வந்த 18ஆம் எண் 787பி, வெள்ளையும் நீலமும் அடித்தது. 1:43 ரெசினில், திறக்காத கதவோடு, நியாயமான விலைக்கு யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.