அந்தக் கைதட்டலைத்தான் தாங்க முடியவில்லை

நேற்று ஒரு மேடையில் ஒருவர் பேசியதைக் கேட்டேன். "பொறியியலும் மருத்துவமும் படிக்க வந்த பிள்ளைகளுக்கு இலக்கியமும் வரலாறும் எதற்கு? அந்த நேரத்தில் தொழிலுக்கு உதவுகிற இன்னொரு பேப்பரை வைக்கலாமே" என்றார். அரங்கமே கைதட்டியது. அவர் பேசியதைக்கூட விட்டுவிடலாம், அந்தக் கைதட்டல் ராத்திரி முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

எந்தப் பட்டம் படித்தாலும் இலக்கியம், வரலாறு, தத்துவம் இவற்றில் சில பாடங்களாவது கட்டாயம் இருக்க வேண்டும். கட்டாயம் என்றுதான் சொல்கிறேன். விருப்பப் பாடமாக வைத்தால் யார் எடுப்பார்கள்? நானே எடுத்திருக்க மாட்டேன்.

கட்டாயம் என்பதால்தான் அறிவியல் வரலாறு வகுப்பில் போய் உட்கார்ந்தேன், அதுவும் கடைசி பெஞ்சில், வேறு பாடத்தின் அசைன்மென்ட்டை எழுதிக்கொண்டு. ஒருநாள் ஆசிரியர் டஸ்கீகி என்ற ஊரில் நடந்த ஆய்வு பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களிடம் உண்மையை மறைத்து, முறையான சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசின் பொதுச் சுகாதாரத் துறையே கவனித்துக்கொண்டிருந்தது. நடுவில் அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் மருந்து வந்துவிட்டது, அதையும் கொடுக்கவில்லை. "இதைச் செய்தவர்கள் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆசிரியர் போர்டை அழிக்கத் திரும்பினார். அசைன்மென்ட்டை மூடி வைத்துவிட்டேன்.

கட்டாயப்படுத்தினால் வெறுப்புதான் வரும் என்பீர்கள். சரி, கணக்கை மட்டும் கேட்டுக்கேட்டா படிக்க வைத்தோம்? வேண்டுமென்றால் அவர்களே புத்தகம் வாங்கிப் படித்துக்கொள்ளட்டும் என்பீர்கள். தனியாகப் படிப்பது வேறு. ஒரே பக்கத்தைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் நமக்கு நேர்மாறாகப் புரிந்துகொண்டதைக் கேட்டு, அவரோடு சண்டை போட்டு, கடைசியில் நாம் கொஞ்சம் மாறுவது வேறு. கடன் வாங்கிப் படிக்கிறவர்களுக்கு இது கூடுதல் சுமை என்பது மட்டும் நியாயமான கேள்வி. அதற்குப் பாடங்களைக் கூட்டாமல், இப்போது இருக்கும் பாட நேரத்துக்குள்ளேயே இடம் ஒதுக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) இளநிலை மாணவர் எல்லோருக்கும் கலை, இலக்கியம், வரலாறு போன்ற மானுடப் பாடங்கள், சமூக அறிவியல் இவற்றில் 8 பாடங்கள் கட்டாயம். அவர்கள் தொழில்நுட்பத்தில் பின்தங்கியா போய்விட்டார்கள்?

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனபோது மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தபடியே "மெட்டாஸ்டாசிஸ்" என்றார். புற்றுநோய் உடலின் வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சொல் அப்பாவுக்குப் புரியவில்லை. "அப்போ பயப்பட ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மருத்துவர் மணியை அழுத்தி அடுத்தவரை வரச் சொன்னார். நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

நாலு கதை படித்திருந்தால் அவர் தலை நிமிர்ந்து பார்த்திருப்பாரா என்று கேட்பீர்கள். நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் எதிரில் இருப்பவர் பயத்தில்தான் சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ள அவர் படித்த அத்தனை வருடத்தில் ஒரு மணி நேரமாவது யாராவது ஒதுக்கியிருக்க வேண்டாமா?

லிஃப்டில் இறங்கும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு "என்னடா சொன்னார் அவர்?" என்றார். தரைத்தளம் வருவதற்குள் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நேற்றுக் கைதட்டியவர்களில் பாதிப் பேர் மருத்துவ மாணவர்கள்.