பச்சைக் குழந்தை வாயில் எதையாவது வைத்தே ஆக வேண்டுமா?

நேற்று மத்தியானம் நடந்ததை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. பெரம்பூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. அக்னி நட்சத்திரம் வேறு, ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். பையனைக் குளிப்பாட்டி, துண்டில் சுற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, காய்ந்த துணி எடுக்க பால்கனிக்குப் போனேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால், அவனைப் பார்க்க வந்திருந்த என் வீட்டுக்காரரின் பெரியம்மா தேன் பாட்டிலுக்குள் விரலை விட்டு எடுத்து அவன் உதட்டுக்குக் கொண்டுபோகிறார். அவனும் நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறான். ஓடிப் போய் கையைத் தட்டிவிட்டேன். கன்னத்தில் சொட்டிய தேனைத் துடைத்துத் துடைத்து அந்த இடமே சிவந்துவிட்டது.

"நாலு பெத்து வளர்த்தவ நான். என் கையையே தட்டி விடுறியா?" என்று அவர் அழுதார். நான் பொல்லாதவள் ஆனேன். சரி, ஆகிவிட்டுப் போகிறேன். என் பையனுக்கு மூன்றரை மாதம்தான் ஆகிறது. தேனில், தசைகளைச் செயலிழக்க வைக்கும் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்து இருக்கலாம். நம் வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அது சாகாது. பெரியவர்கள் குடல் தாங்கிக்கொள்ளும், ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் அது முளைத்து விஷம் கக்கும். மலம் கட்டும், அழுகைச் சத்தம் குறையும், பால் உறிஞ்சக்கூடத் தெம்பு இருக்காது. ஒரு துளிதானே என்று எப்படிச் சொல்ல மனசு வருகிறது?

இது இன்றைக்கு ஆரம்பித்ததும் இல்லை. பிறந்த அன்றே சேனை வைக்க வந்து நின்றார்கள். சேனை வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று சர்க்கரைத் தண்ணீர். மஞ்சளாக வந்த சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னார்கள். பிறந்த பிறகு அவனுக்குக் கிடைக்கும் முதல் நோய் எதிர்ப்புச் சக்தியே அதுதான்! அப்புறம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வந்த ஆயா, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதப் போனார். அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. பையன் மார்பு வீங்கியிருக்கிறது, காம்பைப் பிதுக்கிவிடுகிறேன் என்றார். அந்த வீக்கம் அம்மாவின் ஹார்மோனால் வருவது, தானாக வடியும், பிதுக்கினால் சீழ் கட்டும். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினேன்.

எல்லாவற்றையும் விட என்னைக் கொல்வது இந்தத் தண்ணீர்ப் பேச்சு. "வெயில் இப்படிக் கொளுத்துது, பிள்ளைக்குத் தொண்டை காயாதா? பாலாடையில ரெண்டு மடக்கு குடு." மாடிப்படியில் பார்க்கிறவர்கள், காய்கறி வண்டிக்காரர், யாரும் பாக்கி இல்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர்தான். சென்னை வெயிலுக்கும் அது போதும், கூட இரண்டு தடவை பால் கொடுத்தால் சரி. அந்தச் சின்ன வயிற்றைத் தண்ணீரால் நிரப்பினால் பாலுக்கு இடம் ஏது? அதிகமாகப் போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பே வரும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சும்மாவா சொல்கிறது?

14 வாரத்து ஊசிக்குப் போனபோது நர்ஸ் அக்கா ஒருவர்தான் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போறான்?"

"எட்டு தடவைக்கு மேல அக்கா."

"மஞ்சளா போறானா?"

"இல்லை, வெளுப்பாத்தான்."

"அப்ப பால் நல்லா போதுது. ஆறு தடவைக்குக் குறைஞ்சா உடனே வா. தண்ணிய நீ குடிம்மா, உதடெல்லாம் வெடிச்சிருக்கு பாரு."

மூன்றரை மாதத்தில் என் உதட்டைப் பார்த்த முதல் ஆள் அவர். அங்கேயே அழுதுவிட்டேன்.

அன்பில்தான் செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடப்போவது யார்?

நாளைக்கும் இரண்டு குடும்பம் வருகிறது. தேன் பாட்டிலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பாலாடை பரணுக்குப் போய்விட்டது. வருகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, அவனைத் தோளில் போட்டு அரை மணி நேரம் நடங்கள். தலைக்குக் குளிக்க வேண்டும் என்று முந்தாநாள் எடுத்து வைத்த துணி இன்னும் பாத்ரூம் கொடியிலேயே தொங்குகிறது.