உட்கார மறுக்கும் பானெட்

மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, ஜீப்பின் எஞ்சின் மூடியான பானெட் இன்னும் சரியாக உட்காரவில்லை. என் ஜீப் வில்லிஸ் சி.ஜே.3பி வகை. 1953-ல் வந்த மாடல். உயரமான ஹரிகேன் எஞ்சினுக்கு இடம் வேண்டும் என்றுதான் பானெட்டையே உயர்த்தினார்கள். சென்னை புதுப்பேட்டையில் வேறு மட்கார்டு வாங்கும்போது, "அப்படியே உட்காரும் சார்" என்றார் கடைக்காரர். எங்கே உட்கார்ந்தது? இடது பக்கம் பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறது, வலது பக்கம் தகரத்தோடு தகரம் உரசுகிறது. போல்ட் ஓட்டையை அரத்தால் ராவி நீளமாக்கினேன். உடனே கிரில் சாய்ந்துவிட்டது. சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின்மேல் பாடியைத் தாங்கும் ரப்பர் நசுங்கினால் எல்லாமே கோணும் என்றார் டிங்கர். சரி, அதையும் மாற்றியாயிற்று. அந்த இடது பக்க இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது. பழைய மட்கார்டையே தட்டி எடுத்திருக்கலாம், தூக்கிப் போட்டது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.