கடலில் மூழ்கிய கையோடு கொடைக்கானல் ஏறலாமா?

"ஸ்கூபா டைவிங் முடித்தால் விமானத்தில்தான் ஏறக்கூடாது, காரில் மலையேறலாம்" என்றொரு தகவல் மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பொங்கல் விடுமுறைக்கு நண்பர்களோடு காலையில் மன்னார் வளைகுடாப் பவளப்பாறை, இரவில் கொடைக்கானல் என்று திட்டமே போட்டுத் தருகிறது. தவறு, ஆபத்தான தவறு.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. முழுதாக வெளியேறப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் உயரத்துக்குப் போனால், மூடி திறந்த சோடா போல உடம்புக்குள் குமிழ் கட்டலாம். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல், சிலருக்குக் கைகால் செயலிழப்பு வரை போகும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் ஏறக்குறைய அந்த உயரத்துக்கு உரியதுதான். காரில் போனால் உடம்புக்கு என்ன வித்தியாசம்?

விமானப் பயணத்துக்கான வழிகாட்டுதல், ஒருமுறை மூழ்கியவருக்குக் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை மூழ்கியவருக்கு 18. மலைக்கும் அதையே வையுங்கள். மதுரை தாழ்வான ஊர், அன்றிரவு இங்கே தங்கலாம். அதைவிட நல்லது, முதலில் கொடைக்கானல், பிறகு கடல். வலியோ மரமரப்போ வந்தால், மூழ்கியதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.